சுண்டலின் வலது பக்கம்

2 செப்டம்பர் 2024, திங்கள்

நம்பவே முடியல. இன்னிக்கு அது கயிறு இல்லாம என் பின்னாடி வந்துது.

செட்டிக்குளத்துப் பக்கம் காலி மனையில அவுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டு சும்மா நின்னேன். போன் வீடியோவுல குதிரை பழக்கிக் காட்டுற கோயம்புத்தூர்க்காரர் சொல்ற மாதிரி: தொரத்தாதே, கூப்பிடாதே, நீ நில்லு, குதிரை முடிவு பண்ணட்டும். இருபது நிமிஷம். மண்டை காஞ்சிது. ரோட்டுல போறவன்லாம் பைத்தியத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போறான். அப்புறம் இடது தோள்ல சூடா ஒரு மூச்சு. நான் ஒரு அடி வெச்சேன், அதுவும் ஒரு அடி வெச்சுது. பதினாறு வருஷமா குதிரையோட கெடக்கேன். அடிக்காம இழுக்காம எந்தக் குதிரையும் என் பின்னாடி வந்ததில்ல.

இந்த டைரி உரக்கடையில சும்மா குடுத்தது. தினம் குதிரை இன்னா பண்ணுச்சு, நீ இன்னா பண்ணேன்னு எழுதிவைன்னு அந்த வீடியோ ஆளுதான் சொல்றார். இல்லன்னா நமக்குச் சாதகமா மாத்தி ஞாபகம் வெச்சுப்போமாம். சரி, முதல்லேருந்து எழுதிவெக்கிறேன்.

தங்கராஜ் அண்ணன் செஞ்சியில கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையும் சாரட்டும் விடுறவர். நான் சாரட் ஓட்டுறேன். ஆடி மாசம் அந்தியூர் சந்தையிலேருந்து இந்தக் குட்டியைப் பிடிச்சாந்தார். ரெண்டரை வயசு, பொட்டை. இப்ப சாம்பல் நிறம், வளர வளர வெளுத்துடும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வெள்ளைதான் வேணும். வந்த அன்னிக்கே என் பையிலிருந்த கொள்ளுச் சுண்டலைப் பொட்டலத்தோட தின்னுட்டுது. பேரு சுண்டல்.

"தை வரைக்கும் உன் இஷ்டம் விக்டர்"னு அண்ணன் சொல்லியிருக்கார். "சாட்டை இல்லாம மேளத்துக்கும் வெடிக்கும் நிக்கவெச்சிக் காட்டு. இல்லன்னா மேக்க ஆட்டம் பழக்குறவன்கிட்ட அனுப்பிடுவேன்." அந்த ஆளு பழக்குறதை நான் நேர்ல பாத்திருக்கேன். முன்னங்காலைக் கட்டிப்போட்டு, தவில் அடிக்க அடிக்க முட்டியில அடிப்பான். அடி விழுமேன்னு பயந்து அது காலைத் தூக்கும். அதைத்தான் சனங்க டான்ஸுன்னு கைதட்டுறாங்க. சுண்டலை அங்க அனுப்ப மாட்டேன்.

9 செப்டம்பர், திங்கள்

கயித்தை லேசா இழுக்கணும், அது ஒரு அடி குடுத்த அதே நொடி விட்டுடணும். விடுறதுதான் அதுக்குப் பாடம். நான் விட லேட்டாக்குறேன். எனக்கு அவசரக் கை.

என் சம்சாரம் எலிசபெத்துக்கிட்ட சொன்னேன். "பதினேழு வருஷமா நான் சொன்னேன், ஏறல. குதிரை சொன்னதும் ஏறுது"ன்னு அரிசி களைஞ்சிக்கிட்டே சொல்றா.

19 செப்டம்பர், வியாழன்

சுண்டலுக்கு வலது கண்ணுல தண்ணியா வடியுது. இமை வீங்கி பாதி மூடிக்கெடக்கு. வைக்கோல் சொணை குத்தியிருக்கும். வெத்தலையை சுண்ணாம்பு புகையிலையோட நல்லா மென்னு கண்ணுல துப்பினேன். நைனா மாடுங்களுக்கு இதான் பண்ணுவார், ஒரு மாடும் மோசம் போனதில்ல.

பாவாடை அண்ணன் "சும்மா தண்ணி ஊத்திக் கழுவு, போதும்"னார். எங்கூட லாயத்துல வேலை பாக்குறவர். பதினோரு வருஷமா சாணி அள்ளுறார், வாய் ஓயாது. குதிரைங்ககிட்ட வீட்டுக்கதை ஊர்க்கதைன்னு பேசிக்கிட்டே இருப்பார். இப்ப வைத்தியமும் சொல்றார்.

ஆனா சுண்டல் எப்படி நின்னுது. கயிறு போடல. தாடையில கை வெச்சேன், தலையை அப்படியே என் கையில குடுத்துது. துப்பினதும் உதறுச்சு. நான் அசையாம நின்னேன். திரும்பவும் தலையைக் கொண்டாந்து அதே கையில வெச்சுது. இது நம்பிக்கை இல்லாம வேற இன்னா? வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு அதே நெனப்பு.

20 செப்டம்பர், வெள்ளி

காலையில ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் துப்பினேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிஞ்சி நேரா லாயத்துக்குப் போனேன். கண்ணு நீலம் பூத்த மாதிரி இருக்கு. மருந்து வேலை செய்யுது.

3 அக்டோபர், வியாழன்

வீக்கம் வத்திடுச்சு, கண்ணைத் திறந்துட்டுது. நடுவுல மிளகளவு வெள்ளையா ஒண்ணு இருக்கு, முன்மயிர் விழுந்து மறைச்சிக்கும். நைனா வைத்தியம்னா சும்மாவா.

8 அக்டோபர், செவ்வாய்

என்னைத் தூக்கிப் போட்டுடுச்சு.

உர சாக்கைக் காட்டிப் பழக்குனேன். இடது பக்கம் கழுத்துல, முதுகுல, வயித்துல எல்லாம் தேய்ச்சேன். மரம் மாதிரி நின்னுது. அதே சாக்கோட வலது பக்கம் போனேன், அவ்வளவுதான், உடம்பையே வீசி என்னைத் தள்ளிட்டு ஓடிச்சு. அஞ்சு வாரமா கயிறு இல்லாம பின்னாடி வர்ற குதிரை. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மத்தியானம் வீடியோவுல தேடுனேன். இருக்குது, பதில் இருக்குது. குதிரைக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியாம். இடது பக்கம் கத்துக்கிட்டது வலது பக்கத்துக்குத் தெரியாதாம். எல்லாத்தையும் அந்தப் பக்கம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஆரம்பிப்போம்.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

நாலு தெருவிலயும் வெடி. நாள் பூரா சுண்டலோட இடது பக்கம் உக்காந்திருந்தேன். நடுங்குச்சு, ஓடல. தலையை என் அக்குளுக்குள்ள சொருகிக்கிச்சு. சத்தத்துக்கு இது நிக்கும். வலது பக்கம்தான் இன்னும் மொரண்டு.

12 நவம்பர், செவ்வாய்

எழுதவே கை வரல. கோவம்.

காலையில சீக்கிரம் போனேன். பாவாடை சுண்டலோட வலது பக்கம் நிக்கிறான். வாயில வேப்பங்குச்சி, கையில ஒரு நீளக் கொம்பு. சுண்டல் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நடுங்குது. வலது கண்ணுலேருந்து தண்ணி வழியுது. எனக்குப் புரிஞ்சிபோச்சு. ஒரு மாசமா நான் தலைகீழா நின்னு கத்துக்குடுக்குறேன், நான் இல்லாத நேரத்துல இவன் அந்தப் பக்கம் அடிச்சிக்கிட்டு இருக்கான்.

"சாணி தள்ளுற கொம்புப்பா இது. பல்லு வெளக்கிக்கிட்டு சும்மா உள்ள வந்தேன், அது பயந்துபோச்சு"ன்னான். நான் கேக்கல. சட்டையைப் பிடிச்சேன். என்னைவிட பத்து வயசு பெரியவன், பிடிச்சிட்டேன். அண்ணன் வந்தார். கண்ணால பாத்தேன்னு சொன்னேன்.

அடிச்சதைப் பாத்தியான்னு அண்ணன் கேட்டார். பாத்தேன்னேன்.

15 நவம்பர், வெள்ளி

பாவாடையை அண்ணன் நிறுத்திட்டார். துண்டும் தூக்குவாளியும் எடுத்துக்கிட்டான். போறதுக்கு முன்னாடி சுண்டல்கிட்ட ஏதோ பேசிக்கிட்டே போய் கழுத்தைத் தட்டிக்குடுத்தான். வலது பக்கமா நின்னு. அது அசையல. அடிச்சவன் கையே பழகிப்போச்சு போல, பாவம்.

இன்னொண்ணு. எனக்கு வாயில வெத்தலை இருந்தா சுண்டல் தலையைத் தூக்கிக்குது. வாசம் புடிக்கல.

2 டிசம்பர், திங்கள்

புயல் மழை ஊரையே முக்கிடுச்சு. நேத்து விடிஞ்சப்ப லாயத்துல முட்டித் தண்ணி. சாரட் குதிரைங்க ரெண்டும் கத்துதுங்க, இழுத்தும் வரல. சுண்டலுக்கு நான் கயிறே போடல. முதுகைக் காட்டி நின்னேன், தண்ணியில நடந்தேன். தோள்ல மூக்கை வெச்சிக்கிட்டு பின்னாடியே வந்துது. அதைப் பாத்துட்டு மத்த ரெண்டும் வந்துச்சுங்க. மேட்டுல இருந்த அண்ணன் வாயைப் பொளந்துட்டு நின்னார். "இன்னாடா மந்திரம் வெச்சிருக்கே"ன்னார்.

எனக்கே தெரியல. இது என்னை இவ்வளவு நம்புதா?

14 ஜனவரி 2025, செவ்வாய். பொங்கல்

தை பொறந்துடுச்சு. முப்பதாம் தேதி மாப்பிள்ளை அழைப்புக்கு சுண்டல் முன்னாடி நடக்கும்னு அண்ணன் சொல்லிட்டார். வலது பக்கம் நான் போனாக்க இப்பவும் திடுக்குனு திரும்புது. வலது பக்கம் ஆள் வராம பாத்துக்கிட்டா போதும்.

31 ஜனவரி, வெள்ளி

எல்லாம் போச்சு.

நேத்து சாயந்திரம் பேண்டு, சரவெடி, எல்லாத்துக்கும் நின்னுது. சனங்க போன்ல எடுத்தாங்க. காந்தி பஜார் திரும்புற இடத்துல, வலது பக்கத்துலேருந்து லைட்டு தூக்குன அம்மா ஒண்ணு கிட்ட வந்துது. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல, தோள்ல லைட்டுக் கம்பி பட்டுது. சுண்டல் சுழண்டு என் மேலயே விழுந்துது. மாப்பிள்ளையோட தாய்மாமன் சாக்கடையில விழுந்தார். என் கால் விரல் ரெண்டு ஒடிஞ்சிருக்கு. ஒயரும் மாலையுமா சுத்திக்கிட்டு அது நடுரோட்டுல நிக்குது, நான் கீழ கெடந்து பாக்குறேன், எல்லாரையும் விட்டுட்டு அது என்னையே தேடுது. தலையைத் திருப்பித் திருப்பித் தேடுது. நான் அதோட வலது பக்கம், மூணு அடியில கெடக்கேன்.

ஏன் என்னைப் பாக்கல?

அண்ணன் திங்கக்கிழமை மேக்க அனுப்புறேன்னுட்டார். ஒரே ஒரு தரம் டாக்டரைக் காட்டுவோம்ணேன்னு காலைப் பிடிச்சிருக்கேன்.

1 பிப்ரவரி, சனி

கால்நடை டாக்டர் அன்புக்கரசி மேடம் வந்தாங்க. இடது கண்ணு முன்னாடி கையை வீசினாங்க, இமைச்சுது. முன்மயிரை ஒதுக்கிட்டு வலது கண்ணு முன்னாடி வீசினாங்க.

ஒண்ணுமே இல்ல. டார்ச் அடிச்சாங்க. ஒண்ணுமே இல்ல.

"இந்தக் கண்ணுல பார்வை இல்லைங்க"ன்னாங்க. நானும் முன்மயிரைத் தூக்கிப் பாத்தேன். வெள்ளை முழுக்கப் பரவியிருக்கு. தினம் தேய்ச்சிவிடுற நான் பாக்கல. அந்தப் பக்கம் போனா மெரளுதுன்னு போறதையே கொறைச்சிட்டேன், முன்மயிரை ஒதுக்கிப் பாத்து எத்தினி நாளாச்சு.

"பொறவிக் குருடு இல்ல. வெந்த தழும்பு. சுண்ணாம்பு, ஆசிட் மாதிரி ஏதாவது பட்டுதா? நாலஞ்சு மாசம் இருக்கும். இனிமே திரும்பாது."

நான் பாவாடைன்னேன். கொஞ்சமும் யோசிக்கல. அடிச்சவன் இதையும் பண்ணியிருப்பான்னேன். அண்ணன் அங்கேயே போனைப் போட்டு அசிங்கமா கேட்டார். ஸ்பீக்கர்ல பாவாடை சொன்னது கேட்டுது: "அது மேல நான் ஒரு விரலும் வெக்கல மொதலாளி." போனை வெச்சிட்டான். ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப்போறேன்னார் அண்ணன். எங்கிட்ட டைரி இருக்குண்ணே, எந்தத் தேதியிலேருந்துன்னு எடுத்துத் தரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப பின்னாடி தள்ளிப் பாக்கணும்.

அதே நாள்

மாதாவே.

செப்டம்பர் பத்தொம்பது. என் கையெழுத்து. "சுண்ணாம்பு புகையிலையோட நல்லா மென்னு."

நான்தானா? நான்தான். இருவதாம் தேதியும் நான். அடியில பாவாடை சொன்னது இருக்குது, தண்ணி ஊத்திக் கழுவு போதும்னு. அதையும் நானே எழுதியிருக்கேன், கேலி பண்ணி எழுதியிருக்கேன். சுண்டல் உதறிட்டு — திரும்பவும் தலையைக் கொண்டாந்து — அதே கையில —

சந்தோஷப்பட்டிருக்கேன்டா நான். அது எரிச்சல்ல துடிச்சிருக்கு, நான் நம்பிக்கைன்னு எழுதி வெச்சிருக்கேன்.

வாயிலிருந்த வெத்தலையைத் துப்பினேன். வெத்தலைப் பெட்டியைக் கெணத்துல போட்டேன்.

3 பிப்ரவரி, திங்கள்

ஒரு தாளைக் கிழிச்சாப் போதும். பத்தொம்பதும் இருவதும் ஒரே தாள்தான், முன்னும் பின்னும். மாட்டுக்குப் பண்றதைக் குதிரைக்குப் பண்ணேன், தெரியாமதானே பண்ணேன். பாவாடைக்கு வேலை போனது போனதுதான், இதைச் சொன்னா வந்துடுமா. இப்படியெல்லாம் ரெண்டு நாளா எனக்கு நானே பேசிக்கிறேன். தாளைப் பாதி வரைக்கும் கிழிச்சிட்டேன். அந்தக் கிழிசல் இப்பவும் இருக்கு.

அடிச்சதைப் பாத்தேன்னு சொன்னேனே, அதுவுமா தெரியாம சொன்னேன்?

எலிசபெத்கிட்ட சொல்லிட்டேன். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன்னேன். "சாமியார் இன்னா குதிரையா? இல்ல பாவாடை அண்ணனா?"ன்னா. அண்ணன் போன் பண்ணார், புதன்கிழமை டைரியோட ஸ்டேஷனுக்கு வரணுமாம்.

5 பிப்ரவரி, புதன்

பக்கத்தைத் திறந்து அண்ணன் கையில குடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். நின்னுக்கிட்டே இருந்தேன். திட்டுவார், அடிப்பார்னு நெனச்சேன். மூடித் திருப்பிக் குடுத்தார்.

"பாவாடை அடிச்சதை பாத்தியா இல்லியா?"

"பாக்கலண்ணே."

"நாளைலேருந்து லாயத்துப் பக்கம் வராதே."

சுண்டலை மேக்க அனுப்பலயாம். ஒத்தைக்கண்ணுக் குதிரையை அந்த ஆளு எடுத்துக்க மாட்டானாம். அது ஆட்டம் கத்துக்காம தப்பிச்சிடுச்சு. இதுக்குச் சந்தோஷப்பட எனக்கு யோக்கியதை கெடயாது.

9 பிப்ரவரி, ஞாயிறு

தொண்டூர் போனேன், நொண்டிக்கிட்டே. பாவாடை அண்ணன் வீட்டு வாசல்ல மல்லாட்டை உரிச்சி கடலையை மொறத்துல போட்டுக்கிட்டு இருந்தார். அவர் சம்சாரம் மீனம்பாள் அக்கா என்னைப் பாத்ததும் உள்ள போயிட்டாங்க. மூணு மாசமா கூலிக்குப் போறாராம், குதிரையை அடிக்கிறவன்னு ஊர்ல பேராயிடுச்சாம். மறுபடியும் போன்ல எல்லாரும் கேக்கத் திட்டு.

எல்லாத்தையும் சொன்னேன். டைரியில இருக்கறதையே படிச்சிக் காட்டினேன், என் வாயால வேற வார்த்தை வரல. மல்லாட்டை உரிக்கிறதை அவர் நிறுத்தல.

கடைசியா சொன்னார்: "கழுவுன்னு சொன்னேன்ல."

டைரியை மூடி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

பாவாடை அண்ணனை தங்கராஜ் அண்ணனே தொண்டூர் போய் கூட்டியாந்துட்டாராம். நான் அனந்தபுரத்துல செங்கல் டிராக்டர் ஓட்டுறேன். டிராக்டருக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்குது.

5 மார்ச், புதன். சாம்பல் புதன்

சாமியார்கிட்ட இன்னிக்குத்தான் சொன்னேன். பாவாடை அண்ணன்கிட்ட சொன்ன அளவுக்கு இது கஷ்டமா இல்ல.

9 மார்ச், ஞாயிறு

செட்டிக்குளத்துப் பக்கம் போயிருக்கக் கூடாது. போயிட்டேன். காலி மனையில பாவாடை அண்ணன் சுண்டலை மேயவிட்டிருந்தார். முன்மயிரைக் கத்தரிச்சிருக்கார். வெள்ளைக் கண்ணு பளிச்சினு தெரியுது. வெளுக்கவும் ஆரம்பிச்சிடுச்சு, கழுத்துகிட்ட. தங்கராஜ் அண்ணன் அதை ஊர்வலத்துக்கு விடல, இவருதான் கேட்டு வெச்சிருக்காராம்.

நான் வேலியாண்ட நின்னேன். அவர் பாத்துட்டார். போடான்னு சொல்லுவார்னு நெனச்சேன். சுண்டல்கிட்ட ஏதோ பேசிக்கிட்டே இருந்தார், மக கல்யாணக் கதை. அதோட காது அவர் போற பக்கமெல்லாம் போகுது. அப்பதான் எனக்கு உறைச்சுது. அந்த ஆளோட ஓயாத வாய்தான் அந்தப் பக்கத்துல அதுக்குக் கண்ணு. நவம்பர்ல அன்னிக்கு வாயில வேப்பங்குச்சி, பேச முடியல, அதான் மெரண்டுது. இதுவும் நான் எழுதி வெச்சதுதான். படிக்கத் தெரியல எனக்கு.

"வரணும்னா வலது பக்கமா வா"ன்னார். "பேசிக்கிட்டே வா. சும்மா வந்து தொலைக்காதே."

கேட்டைத் திறந்தேன்.

"இருய்யா. மொதல்ல வாயக் கொப்பளிச்சிட்டு வா."

வெத்தலையை விட்டு முப்பத்தாறு நாள் ஆச்சுன்னு நான் சொல்லல. குழாயாண்ட போய் மூணு தரம் கொப்பளிச்சேன். திரும்பி வந்தேன். என்ன பேசறதுன்னு தெரியல, செங்கல் லோடைப் பத்திப் பேசினேன், எத்தினி நடை, எந்த ரோடு, எங்க பள்ளம்னு. வலது காது மெல்ல என் பக்கம் திரும்புச்சு.